மாதம் ஒரு நாவல்: மூன்றாவது மாதமும் குழுவில் பேச்சு கேட்க வேண்டுமா?

வாட்ஸ்அப்பில் புத்தகக் குழு தொடங்குவது ரொம்ப சுலபம். நல்ல பெயர் ஒன்று, தெரிந்த நாலு பேர், அவர்களுக்குத் தெரிந்த இன்னும் பத்துப் பேர், முகப்பில் ஒரு புத்தக அலமாரிப் படம். அவ்வளவுதான். முதல் மாதம் திருவிழா மாதிரி இருக்கும். ஆளாளுக்கு நாவல் பெயர் சொல்வார்கள். அட்டைப் படங்கள் வந்து குவியும். இரண்டாவது மாதம், "பாதிதான் முடிச்சிருக்கேன்", "ஆபீஸ்ல ஆடிட்டிங், மன்னிச்சுக்கோங்க" என்று ஆரம்பிக்கும். மூன்றாவது மாதம் பார்த்தால் குழுவில் காலை வணக்கப் படங்களும், சர்க்கரை நோய்க்கு வெந்தயம் நல்லதா என்ற விவாதமும்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

"இப்போ யாருக்குப் படிக்கிற பொறுமை இருக்கு?" என்று பழியைத் தூக்கி செல்போன் மேல் போட்டுவிடுகிறோம். ஆனால், அதே செல்போனில்தான் 100 எபிசோடு சீரியலை ஒரே வாரத்தில் பார்த்து முடிக்கிறோம். பொறுமை எங்கேயும் போய்விடவில்லை. பெரும்பாலான குழுக்கள் இரண்டு இடங்களில்தான் சறுக்குகின்றன. ஒன்று, நாவலைத் தேர்ந்தெடுக்கும் விதம். இன்னொன்று, அதைப் பற்றிப் பேசும் விதம். இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால், பன்னிரண்டாவது மாதமும் குழு கலகலப்பாக இருக்கும்.

நமக்கு இது புதுசா?

சேர்ந்து நாவல் படிப்பது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. கல்கி, 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக எழுதினார். ஒரு பத்திரிகை வாங்கினால், வீட்டில் ஒருவர் படித்து இன்னொருவர் கைக்கு மாறி, பக்கத்து வீட்டுக்கும் போகும். அடுத்த இதழ் வரும்வரை "வந்தியத்தேவன் என்ன ஆவான்?" என்பதுதான் திண்ணைப் பேச்சு. தொடர் முடிந்ததும் அந்தப் பக்கங்களைச் சேர்த்து பைண்டு செய்து பெட்டியில் வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

அந்தப் பேச்சு சுவையாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். யாரும் கடைசி அத்தியாயத்தை எட்டிப் பார்க்க முடியாது. யாரும் பத்து அத்தியாயம் பின்தங்கவும் மாட்டார்கள். இன்றைக்கு முழுப் புத்தகமும் கையில் இருக்கிறது. ஆனால், ஒருவர் 3-ம் அத்தியாயத்தில், இன்னொருவர் 30-ம் அத்தியாயத்தில், மற்றவர் அட்டையில். பிறகு எப்படிப் பேச்சு வரும்? அந்தப் பழைய வாரத் தொடரின் ஒழுங்கை நாமே உண்டாக்கிக்கொள்வதுதான் மாத நாவல் குழுவின் முதல் வேலை.

'நல்ல நாவல்' மட்டும் போதாது

"எந்த நாவல் நல்ல நாவல்?" என்று குழுவில் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 40 பெயர்கள் வரும். ஒன்றும் முடிவாகாது. கேட்க வேண்டியவை வேறு மூன்று கேள்விகள்.

முதலாவது: ஒரு மாதத்தில் முடிக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 பக்க நாவல் என்றால் ஒரு நாளைக்கு 7 பக்கம். பால் காயும் நேரத்திலும் பஸ்ஸில் உட்காரும் நேரத்திலும் முடித்துவிடலாம். பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் நாவல். 2014-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. படிக்க வேண்டிய புத்தகம்தான். ஆனால், ஒரு மாதத்தில் முடிக்க நாளொன்றுக்கு 35 பக்கம் வேண்டும். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொள்பவருக்கு அது நடக்காது. அதே பூமணியின் 'வெக்கை' சிறிய நாவல். முதலில் அதைப் படித்து ருசி கண்ட குழு, ஆறு மாதம் கழித்து 'அஞ்ஞாடி'க்கு மூன்று மாதம் ஒதுக்கும். 'பொன்னியின் செல்வ'னுக்கும் இதே வழிதான். ஐந்து பாகம், ஐந்து மாதம்.

இரண்டாவது: எல்லோருக்கும் புத்தகம் கிடைக்குமா? அச்சில் இல்லாத நாவலைத் தேர்ந்தெடுத்தால், முதல் இரண்டு வாரம் "எங்கே கிடைக்கும்?" என்பதிலேயே போய்விடும். பிறகு யாரோ ஒருவர் பி.டி.எஃப் போடுவார். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. வாழும் எழுத்தாளரின் நாவலை பி.டி.எஃப்-ஆகச் சுற்றுக்கு விட்டுவிட்டு, "தமிழ்ல ஏன் நல்ல நாவல் வரமாட்டேங்குது?" என்று அதே குழுவில் கவலைப்படுவது நியாயமில்லை. 20 பேர் இருக்கும் குழுவில் 10 பேர் புத்தகம் வாங்கினாலே, அது அந்தப் பதிப்பகத்துக்கு ஒரு நல்ல சேதி.

காசு செலவழிக்க முடியாதவர்களுக்கு நேர்வழிகள் இருக்கின்றன. கல்கி உள்ளிட்ட பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அவற்றை இலவசமாகவே படிக்கலாம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் 'பொன்னியின் செல்வன்' உட்பட ஏராளமான நூல்கள் உள்ளன. இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' என்ற மின்நூலகம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஊர் நூலகம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்த மாநிலம் நம்முடையது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆக, அந்த அலமாரிக்கு நாம் ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று. போய் எடுப்பதுதான் பாக்கி.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: இதைப் படித்துவிட்டு நம்மில் இரண்டு பேராவது எதிரெதிராகப் பேசுவார்களா? எல்லோருக்கும் பிடிக்கும் நாவலைத் தேர்ந்தெடுத்தால், கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். "அருமை", "அற்புதம்", "கண்ணீர் வந்துவிட்டது". அதற்கு மேல் என்ன பேசுவது? யாராவது ஒருவருக்குக் கோபம் வரவைக்கும் நாவல்தான் குழுவுக்கு நல்ல நாவல்.

யார் தேர்ந்தெடுப்பது?

வாக்கெடுப்பு நியாயமாகத் தெரியும். ஆனால், வெறும் வாக்கெடுப்பு நடத்தினால் வருடம் முழுக்க ஏற்கெனவே பேர் பெற்ற நாலைந்து எழுத்தாளர்களே ஜெயிப்பார்கள். யாருக்கும் தெரியாத ஒரு நாவலைக் குறிப்பிட்ட அந்த அமைதியான உறுப்பினர் ஒவ்வொரு மாதமும் தோற்பார். நாலாவது மாதம் பேசுவதையே நிறுத்திவிடுவார்.

அட்மினே முடிவு செய்வதிலும் சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் ஓப்ரா வின்ஃப்ரி 1996-ல் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு புத்தகக் குழுவைத் தொடங்கினார். அவர் கையில் எடுத்த நாவல்கள் லட்சக்கணக்கில் விற்றன. அப்படிப்பட்டவரே 2002-ல், மாதாமாதம் மனதாரப் பரிந்துரைக்கும் புத்தகத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவைத்தார். அடுத்த ஆண்டு பழைய புகழ்பெற்ற நாவல்களோடு திரும்பிவந்தார். ஒரே ஆள் தலையில் இந்தச் சுமையை ஏற்றினால் எங்கேயும் இதுதான் கதி.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு முறை. அவர் மூன்று நாவல்களைச் சொல்லி, ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு வரி எழுதுவார். குழு அந்த மூன்றுக்குள் வாக்களிக்கும். அந்த மாதக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பும் அவருக்கே. அடுத்த மாத நாவலை இந்த மாதமே அறிவித்துவிட வேண்டும். தபாலில் வரவழைப்பவருக்கும், நூலகத்தில் சொல்லி வைப்பவருக்கும் அந்த நான்கு வாரம் அவசியம்.

முறை மாறும்போது வாசிப்பும் தானாகவே விரிகிறது. தூத்துக்குடிக்காரர் முறை வந்தால், உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' வரலாம். மலேசியாவில் இருப்பவர், இரண்டாம் உலகப்போர்க் காலத் தென்கிழக்கு ஆசியாவில் நடக்கும் ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தவர் கே.டானியலின் 'பஞ்சமர்' என்பார். கேரள எல்லையில் வளர்ந்தவர், தகழியின் 'செம்மீ'னைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படிக்கலாம் என்பார். ஒரே ஆள் உட்கார்ந்து யோசித்தால் இந்தப் பட்டியல் வருமா?

நான்கு வாரம், நான்கு நிறுத்தங்கள்

நாவல் முடிவானதும் அத்தியாயங்களை நான்காகப் பிரித்து அறிவித்துவிடுங்கள். பக்க எண் சொல்லாதீர்கள். ஒருவரிடம் பழைய பதிப்பு இருக்கும், ஒருவரிடம் கிண்டில் இருக்கும், ஒருவர் நூலகத்துப் பிரதி வைத்திருப்பார். பக்கங்கள் ஒத்துப்போகாது. அத்தியாய எண் எல்லோருக்கும் ஒன்றுதான். அத்தியாயப் பிரிவு இல்லாத நாவல் என்றால், "ஜமுனா வீட்டை விட்டுக் கிளம்பும் இடம் வரை" என்பதுபோல ஒரு சம்பவத்தைச் சொல்லலாம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்த வாரம் படித்ததில் எந்த இடத்தில் நின்று யோசித்தீர்கள்?" தட்டச்சு செய்ய முடிந்தவர்கள் எழுதட்டும். முடியாதவர்கள் குரல் பதிவு அனுப்பட்டும். ஆனால், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 11 நிமிடக் குரல் பதிவை யாரும் முழுசாகக் கேட்பதில்லை. முன்னால் ஓடிப் படித்து முடித்தவர்களுக்கு ஒரே கட்டளைதான்: முடிவைச் சொல்லாதீர்கள்! சொல்லியே ஆக வேண்டும் என்று நாக்கு அரித்தால், முடித்தவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளட்டும்.

கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்களையும் விட்டுவிடாதீர்கள். தினமும் பத்து நிமிடம் பேரனோ பேத்தியோ சத்தமாகப் படித்துக் காட்டினால், இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாவலை முடித்துவிடலாம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

கூட்டம் நடக்கும் நாள்

நேரம் குறிப்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. இந்திய நேரம் இரவு 7.30 என்றால் சிங்கப்பூரில் இரவு 10 மணி. லண்டனில் கோடையில் மதியம் 3 மணி, குளிர்காலத்தில் 2 மணி. சிட்னியில் நள்ளிரவு ஆகிவிடும். வெளிநாட்டு நேரத்தைப் பார்க்கும் நாம் பல நேரம் சமையலறை நேரத்தைப் பார்ப்பதில்லை. ஞாயிறு இரவு 7.30 என்பது தோசை வார்க்கும் நேரம். அந்த நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "பெண்கள் யாரும் பேசறதில்லை" என்று சொன்னால் எப்படி?

இலவச ஜூம் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசமாக 60 நிமிடம். இந்தக் கட்டுப்பாடு நல்லதுதான். 10 பேர் வந்தால் ஆளுக்கு 3 நிமிடம், மீதி 10 நிமிடம் பொதுப்பேச்சு என்று பிரித்துக்கொள்ளலாம்.

யார் முதலில் பேசுவது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். அதுதான் கூட்டத்தின் போக்கையே தீர்மானிக்கிறது. நம் ஊர் வழக்கப்படி, எல்லாம் தெரிந்த 'சார்' ஒருவர் முதலில் ஆரம்பிப்பார். எழுத்தாளரின் பிறந்த ஊர், அவர் காலத்துப் பத்திரிகைகள், உலக இலக்கியம் என்று 20 நிமிடம் போகும். எல்லாம் நல்ல தகவல்தான். ஆனால், அதன் பிறகு ஒரு கல்லூரி மாணவியோ, முதல்முறையாக நாவல் படித்த ஓர் இல்லத்தரசியோ வாய் திறப்பாரா? "சார் எல்லாத்தையும் சொல்லிட்டாங்க" என்று முடித்துக்கொள்வார். எனவே, வரிசையைத் திருப்பிப் போடுங்கள். வயதில் சின்னவர், புதிதாக வந்தவர் முதலில். சார் கடைசியில். இதை ஆரம்பத்திலேயே விதியாக வைத்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

"பிடிச்சுதா?" என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்கு 'ஆமாம்', 'இல்லை' தவிர பதில் கிடையாது. கதைக்குள் இருக்கும் முடிச்சைப் பிடித்துக் கேளுங்கள். மூன்று நாவல்களை எடுத்துக்கொள்வோம்.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை 1960-களில் வெளிவந்தபோது வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடினார்கள். மழை நாளில் ஒருவன் காரில் ஏறிச்சென்று, சீரழிக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரிப் பெண்ணை, அம்மா தலையில் நீரூற்றிக் குளிப்பாட்டி ஏற்றுக்கொள்கிறாள். "எந்த அம்மா இப்படிச் செய்வாள்?" என்பது ஒரு அணியின் கேள்வி. பிறகு ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அம்மா அப்படிச் செய்யாமல், ஊருக்கே கேட்கும்படி அலறியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்பதே அந்த நாவல். 1972-ல் சாகித்ய அகாடமி விருதும் பெற்றது. முதல் வாரம் சிறுகதை, அடுத்த மூன்று வாரம் நாவல் என்று படித்துவிட்டு, இப்படிக் கேளுங்கள்: "கங்காவின் வாழ்க்கையை மாற்றியது அந்தக் காரா, அம்மாவின் கூச்சலா?" உங்கள் 40 நிமிடம் போதாது!

அசோகமித்திரனின் 'தண்ணீர்' சின்ன நாவல். சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கை. அவர்கள் தெருவில் வசிக்கும் டீச்சரம்மா தன் வாழ்க்கைக் கதையை ஜமுனாவிடம் சொல்கிறாள். "டீச்சரம்மா சொன்னது ஆறுதலா, அதட்டலா?" என்று கேட்டுப் பாருங்கள். குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்கள் ஒரு மாதிரியும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில் வளர்ந்தவர்கள் வேறு மாதிரியும் பேசுவார்கள்.

பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்தது. 2019-ல் 'அசுரன்' படத்துக்கு அடிப்படையாக அமைந்தது. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிய 15 வயதுச் சிறுவன், அப்பாவோடு ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. நாவல் சிறுவனின் கூடவே நடக்கிறது. படத்தில் அப்பாதான் நாயகன். "யாருடைய கதையாக இது உங்களுக்குப் பட்டது?" என்று கேட்டால், படம் மட்டும் பார்த்த இளைஞர்களும் பேச்சுக்குள் வந்துவிடுவார்கள். அடுத்த மாதம் புத்தகத்தோடு வருவார்கள்.

முடிக்காதவர் வரலாமா?

தாராளமாக வரலாம். "முடிக்காம எப்படி வர்றது?" என்ற கூச்சத்தில்தான் பாதிப் பேர் கழன்றுகொள்கிறார்கள். அவர்களிடம் "ஏன் முடிக்கலை?" என்று கேட்டால் பரீட்சை மாதிரி இருக்கும். "எந்த இடத்தில் நிறுத்தினீங்க?" என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே அத்தியாயத்தில் நிறுத்தியிருந்தால், அந்த அத்தியாயத்தைப் பற்றி நிச்சயம் பேச வேண்டும். வட்டார வழக்கு புரியவில்லையா, பாத்திரங்களின் பெயர்கள் குழப்பமா, படிக்க மனசு தாங்கவில்லையா? ஒவ்வொன்றும் நாவலைப் பற்றிய விமர்சனம்தான். முடிவு தெரிந்துவிடுமே என்றால், கடைசி பத்து நிமிடத்தை மட்டும் முடித்தவர்களுக்காக ஒதுக்கி, மற்றவர்கள் விரும்பினால் விடைபெறலாம்.

கருத்து வேறுபாடு சண்டையாகாமல்...

நல்ல தமிழ் நாவல்கள் சாதியைப் பேசும், மதத்தைப் பேசும், குடும்பத்துக்குள் யாரும் வெளியில் சொல்லாததைப் பேசும். தி.ஜானகிராமனின் 'அம்மா வந்தா'ளை எடுத்தால், அலங்காரத்தின் மேல் கோபப்படுபவர்களும் இருப்பார்கள், அவளுக்காக வாதாடுபவர்களும் இருப்பார்கள். பெருமாள்முருகனின் 'பூக்குழி'யை எடுத்தால், கலப்புத் திருமணம் பற்றி நம் வீடுகளில் நடந்த பேச்சு எல்லாம் மேலே வரும். இதற்குப் பயந்து வம்பில்லாத நாவலாகவே தேடினால், கடைசியில் பேச எதுவும் இருக்காது.

ஒரு விதி இருந்தால் போதும். பாத்திரத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் பேசலாம். பேசும் உறுப்பினரின் ஊரையோ, சாதியையோ, மதத்தையோ, குடும்பத்தையோ தொடக்கூடாது. "அலங்காரம் செஞ்சது தப்பு" என்பது கருத்து. "இதை ஆதரிக்கிறவங்க வீட்டுல எப்படி வளர்த்தாங்களோ?" என்பது தாக்குதல். இரண்டாவது வந்த உடனே, கூட்டம் நடத்துபவர் தயங்காமல் குறுக்கிட வேண்டும். அவர் வயதில் சின்னவராக இருந்தாலும், மீறியவர் பெரியவராக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

இதெல்லாம் எதற்காக?

தனியாகவே படிக்கலாமே, எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்று தோன்றலாம். நம் வீடுகளில் 40 வருடமாகத் தொடர்கதை படித்த அம்மாக்கள் இருக்கிறார்கள். சமையல், உறவு, உடம்பு எல்லாவற்றைப் பற்றியும் அவர்களிடம் கேட்டிருப்போம். "அந்தக் கதையில அவ செஞ்சது சரியாம்மா? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? அப்படிக் கேட்கும்போது அவர்கள் சொல்லும் பதில், பல நேரம் கதையைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. தன் வாழ்க்கையில் நேரடியாகச் சொல்ல முடியாத ஒன்றை, ஜமுனாவையோ கங்காவையோ முன்னால் நிறுத்திச் சொல்லிவிடுகிறார்கள். துபாயில் தனி அறையில் இருக்கும் மகனும், திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவும் ஒரே நாவலைப் படித்தால், "சாப்பிட்டியா?", "மாத்திரை போட்டீங்களா?" இரண்டுக்கும் அப்பால் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது.

எனவே, பெரிய குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆறு பேர் போதும். அதில் இரண்டு பேர் உங்கள் வீட்டுக்காரர்களாகவே இருக்கட்டும். 'தண்ணீர்', 'வெக்கை', 'சில நேரங்களில் சில மனிதர்கள்' மூன்றையும் இன்றைக்குக் குழுவில் போட்டு வாக்கெடுப்பு வையுங்கள். ஜெயித்த நாவலின் முதல் அத்தியாயத்தை இந்தச் சனிக்கிழமைக்குள் எல்லோரும் படித்துவிடுங்கள்.